சேரியில் சிடி இருந்த காலம்

சினிமாவைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட வரலாறுகளில் கொட்டகை உண்டு, நட்சத்திரம் உண்டு, கட்சி அரசியல் உண்டு. படம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பது அவற்றில் அதிகம் இல்லை. சேரி வீட்டுக்குள் எப்படி வந்தது என்று எழுத அநேகமாக யாருக்கும் தோன்றவில்லை. விசிடி, டிவிடி என்று நாம் வாங்கி, எரவல் கொடுத்து, கீறல் விழுந்தால் லுங்கியில் துடைத்துத் திரும்பப் போட்ட தட்டுகள் இன்றைக்குச் சென்னைக் கடைகளில் ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டன. இதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் மூடிப்போன பெரிய கடைகளை நினைத்து ஏங்குகிறார்கள். நுங்கம்பாக்கத்தில் 1987இல் திறந்த லேண்ட்மார்க் 2013இல் மூடப்பட்டது. அதே வருஷம் மியூசிக் வேர்ல்டும் போனது. ஏசி அறையில் நின்று தட்டைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த ஏக்கம் இருக்கத்தான் செய்யும். நம்முடைய கணக்கு வேறு. அந்தக் கணக்கை நாமே எழுதி வைக்காவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

1

முதலில் வந்தது டெக்கு. 1982இல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் டிவி வந்தது. அதன் பின்னாலேயே வீடியோ கேசட்டும் டெக்கும் வந்தன. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீதிகளில் வீடியோ லைப்ரரிகள் முளைத்தன. மெம்பர் ஆவதற்கு டெபாசிட் கட்ட வேண்டும், வீட்டு முகவரி கொடுக்க வேண்டும். நம் ஊரில் முகவரி கேட்பது எதற்கென்று நமக்குத் தெரியும். தெருப் பேரைச் சொன்னால் போதும், மற்றதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். எண்பதுகளின் கடைசியில் என் அண்ணன் மந்தைவெளிப் பக்கம் ஒரு லைப்ரரிக்குப் போனார். டெபாசிட் பணம் கையில் இருந்தது. தெருப் பேரைக் கேட்ட ஆள், "உங்க ஏரியாவுக்குக் குடுக்கறதில்லப்பா, கேசட் திரும்பி வராது" என்று அனுப்பிவிட்டார். வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராமல் இருந்தவர் யார் என்று அண்ணன் கேட்டதற்கு அந்த ஆளிடம் பதில் இல்லை.

ஆகவே சேரியில் மெம்பர்ஷிப் கிடையாது, வசூல்தான். வீட்டுக்கு ஒரு ரூபா, ரெண்டு ரூபா எடுத்து ஒரு ராத்திரிக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு வரும், கூடவே மூன்று கேசட். மஞ்சத் தண்ணி, பதினாறாம் நாள் காரியம், ஆடி மாசக் கூழ் என்று ஏதாவது ஒன்று காரணமாக இருக்கும். தெருவில் மேசை போட்டு டிவியை வைத்தால் விடியும் வரைக்கும் படம். தியேட்டருக்கே போகாத பெண்கள் அப்படித்தான் சினிமா பார்த்தார்கள். "என்ன எவன் தியேட்டருக்குக் கூட்டினு போனான்? தெருவுல டெக்கு போட்டப்பதான் நானு மொத மொதல்ல முழுசா ஒரு படம் பாத்தேன்" என்று என் பெரியம்மா சொல்லுவார்கள். பகலெல்லாம் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தவர்கள், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தியேட்டரும் நம்மை விட்டு விலகிக்கொண்டே இருந்தது. பாண்டி பஜார் நாகேஷ் தியேட்டர் கல்யாண மண்டபமானது. அடையாறு ஈராஸ் மூடப்பட்டது. இவை போன்ற பழைய கொட்டகைகளில்தான் குறைந்த டிக்கெட் இருந்தது. பின்னால் வந்த மல்டிபிளெக்ஸ்களில் நம் ஆட்கள் நுழைந்தது பெரும்பாலும் துடைப்பத்தோடுதான்.

2

விசிடி என்பதற்கான தரத்தை பிலிப்ஸ், சோனி, ஜேவிசி, மாட்சுஷிடா கம்பெனிகள் சேர்ந்து 1993இல் வெளியிட்டன. ஒரு தட்டில் சுமார் 74 நிமிஷம் படம் பிடிக்கும். அதனால் ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு தட்டு, நீளமான படம் என்றால் மூன்று. மூன்று வருஷம் கழித்து, 1996இல், ஜப்பானில் டிவிடி வந்தது. விசிடியில் நகல் எடுப்பதைத் தடுக்க எந்தப் பூட்டும் இல்லை என்பதால் ஹாலிவுட் முதலாளிகள் அதைத் தள்ளியே வைத்தார்கள். ஆனால் சீனா, ஹாங்காங், தென்கிழக்காசியா, இந்தியா என்று பணம் குறைந்த ஜனங்கள் அதிகம் இருக்கும் இடங்களில் அது காட்டுத்தீயாகப் பரவியது. பூட்டு இல்லாததுதான் அதற்குக் காரணம்.

சென்னையில் அதன் வாசல் பர்மா பஜார். பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர்களுக்காகக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969இல் வந்த கடைவரிசை அது. வெற்றுத் தட்டும் கம்ப்யூட்டர் ரைட்டரும் வேண்டுமென்றால் மவுண்ட் ரோடுக்குப் பக்கத்தில் ரிச்சி தெரு. இந்த இரண்டு இடத்திலிருந்தும் சரக்கு தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கும், மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டுக்கும், லஸ் முனைப் பிளாட்பாரத்துக்கும் வந்தது. விற்றவர்கள் யார்? பர்மாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், முஸ்லிம் இளைஞர்கள், பத்தாவது பெயிலாகி வேலை கிடைக்காத சேரிப் பையன்கள். பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து அடுக்குவார்கள். போலீஸ் வருகிறது என்றால் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். 'தியேட்டர் பிரிண்டா, நல்ல பிரிண்டா' என்று கேட்டால் உண்மையைச் சொல்லுவார்கள். நாளைக்கும் அதே இடத்தில் உட்கார வேண்டிய வியாபாரம், பொய் சொன்னால் நிற்காது.

பிறகு 2006 வந்தது. செப்டம்பர் 15ஆம் தேதி தி.மு.க. அரசு இலவசக் கலர் டிவித் திட்டத்தைத் தொடங்கியது. 2011 வரைக்கும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட டிவிகள் கொடுக்கப்பட்டன. இலவசம் வாங்கிச் சோம்பேறி ஆகிறார்கள் என்று மேல்சாதிப் பத்திரிகைகள் எழுதிய அதே நாளில், நம் வீடுகளில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு சீனா பிளேயரும் உட்கார்ந்தது. வெற்றுத் தட்டு தயாரிப்பதில் உலகத்தின் பெரிய கம்பெனிகளில் ஒன்றான மோசர் பேர், 2007 வாக்கில் படங்களின் உரிமையை மொத்தமாக வாங்கி, விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்க ஆரம்பித்தது. அதுவரைக்கும் ஒரிஜினல் தட்டு என்பது நூற்றுக்கணக்கில் விலை. திருட்டு சிடியை ஒழிக்க என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தக் கம்பெனி காட்டியது. ஏழையால் வாங்கக்கூடிய விலைக்குக் கொடுத்தால் ஏழை ஒரிஜினலையே வாங்குவான். எங்கள் தெருவில் மளிகைக் கடையிலேயே பழைய சிவாஜி படமும் எம்.ஜி.ஆர். படமும் ஊதுபத்திக்குப் பக்கத்தில் தொங்கின.

3

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். திருட்டு என்ற சொல் எப்போதுமே நம் மீதுதான் சுலபமாக ஒட்டும்.

தமிழ்நாட்டில் 1982ஆம் வருஷத்தின் 14ஆம் சட்டம் என்று ஒன்று உண்டு. குண்டர் சட்டம் என்றால் எல்லோருக்கும் தெரியும். சாராயம் காய்ச்சுபவர், போதைப்பொருள் விற்பவர், ரவுடி என்று அதில் ஒரு பட்டியல். விசாரணை இல்லாமல் ஓராண்டு வரைக்கும் உள்ளே வைக்கலாம். ஆலோசனைக் குழுவின் முன்னால் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமைகூடக் கிடையாது. 2004இல் ஜெயலலிதா ஆட்சியில் இந்தப் பட்டியலில் வீடியோ திருடர்களும் சேர்க்கப்பட்டார்கள். திரையுலகம் கேட்டது, அரசு கொடுத்தது. பத்து வருஷம் கழித்து, 2014இல், தொடர்ந்து குற்றம் செய்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் எடுக்கப்பட்டது. முதல் தடவை பிடிபட்டவரையே குண்டர் ஆக்கலாம் என்றானது.

ஒரு படம் லேபிலிருந்தோ, தியேட்டரிலிருந்தோ, வெளிநாட்டுக்குப் போன பிரிண்டிலிருந்தோ வெளியே போகாமல் பிளாட்பாரத்துக்கு வராது. அந்த முதல் நகலை எடுத்தவனுக்கு முதலீடு உண்டு, தொடர்பு உண்டு, வக்கீல் உண்டு. அவன் பேர் பேப்பரில் அபூர்வமாகத்தான் வந்தது. ஷீட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவன் படம் மட்டும் வந்தது, முன்னால் தட்டுகளைப் பரப்பி வைத்து, பின்னால் போலீஸ்காரர்கள் நிற்க. எங்கள் தெருவில் ஒரு பையன் பதினோரு மாசம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். அவன் அம்மா சொன்னது: "கொல பண்ணவன் மூணு மாசத்துல பெயில்ல வந்துட்டான். எம் புள்ள படம் வித்ததுக்கு ஒரு வருசம்."

திருட்டு சிடியால் நஷ்டப்பட்டவர்களில் சின்னத் தயாரிப்பாளர்களும், தினக்கூலிக்கு லைட் தூக்கிய தொழிலாளிகளும் உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த நஷ்டத்துக்கான தண்டனை யார் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு ஆகும். இன்றைக்குத் திருட்டு முழுக்க இணையத்துக்குப் போய்விட்டது. 2018இல் தமிழ்ராக்கர்ஸ் தொடர்பாகக் கேரளப் போலீஸ் சிலரைக் கைது செய்தது, அந்தத் தளம் வேறு வேறு முகவரியில் திரும்பத் திரும்ப வந்தது. 2023இல் மத்திய அரசு ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, தியேட்டரில் கள்ளத்தனமாகப் படம் பிடித்தால் மூன்று வருஷம் வரை சிறை என்றது. பிளாட்பாரத்துப் பையன் இப்போது அந்தத் தொழிலில் இல்லை. திருட்டு நின்றுவிட்டதா?

4

தட்டுகளில் வந்ததெல்லாம் ரஜினி படமும் விஜய் படமும் மட்டும் இல்லை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன்.

1999 ஜூலை 23ஆம் தேதி திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தைப் போலீஸ் தாமிரபரணிக்குள் அடித்துத் துரத்தியது. 17 பேர் செத்தார்கள். ஆர்.ஆர். சீனிவாசன் அதை 'நதியின் மரணம்' என்று ஆவணப்படமாக்கினார். மதுரையில் மலம் அள்ளும் மாரியம்மாளின் ஒரு நாள் வேலையை ஆர்.பி. அமுதன் 2003இல் 'பீ' என்ற பேரிலேயே படமாக எடுத்தார். 1968 டிசம்பர் 25ஆம் தேதி வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதைப் பற்றி பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் 'ராமய்யாவின் குடிசை' எடுத்தார். இந்தியா முழுக்கச் சுற்றித் தீண்டாமையைப் படம் பிடித்த ஸ்டாலின் கே.யின் 'இந்தியா அன்டச்டு' 2007இல் வந்தது. இவற்றை எந்தத் தியேட்டரும் போடவில்லை, எந்த டிவியும் விரும்பிக் கேட்கவில்லை. கேசட்டிலும் தட்டிலும் ஏறி, ஒரு தோழரின் ஜோல்னாப் பையிலிருந்து இன்னொரு தோழரின் பைக்கு மாறித்தான் இவை ஊர் ஊராகப் போயின. நகல் எடுத்துக்கொள்ளச் சொல்லி எடுத்தவர்களே கொடுத்தார்கள். அங்கே திருட்டு என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

ஜப்பார் பட்டேல் எடுத்த 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்' படத்தின் கதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரசாங்கப் பணத்தில் எடுத்த படம். 1998ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் அம்பேத்கராக நடித்த மம்முட்டிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. 2000இல் படம் வெளியானது. தமிழில் பேசும் படமாக அது தமிழ்நாட்டுத் தியேட்டருக்கு வந்தது 2010 டிசம்பர் 3ஆம் தேதி. அதற்கும் உயர்நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. பத்து வருஷம் ஒரு படம் பெட்டிக்குள் கிடந்தது.

நாங்கள் அதற்கு முன்பே பார்த்துவிட்டோம். யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்த ஆங்கிலத் தட்டு. ஒரு ஏப்ரல் 14 ராத்திரி, மயிலாப்பூர்க் கால்வாய் ஓரத்தில் ஒரு தெருவில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் போட்டோம். கல்லூரியில் படித்த ஒரு அண்ணன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காட்சிக்கும் படத்தை நிறுத்தி, என்ன பேசுகிறார்கள் என்று தமிழில் சொன்னார். சவுதார் குளத்தில் பாபாசாகேப் தண்ணீரை அள்ளிக் குடிக்கும் இடம் வந்தபோது ஒரு கிழவி, "இன்னொரு வாட்டி போடு" என்றாள். போட்டார். மறுபடியும் கேட்டாள், மறுபடியும் போட்டார். மூன்று மணி நேரப் படம் முடியும்போது ஏறக்குறைய விடிந்துவிட்டது. தணிக்கைக்காரன், விநியோகஸ்தன், தியேட்டர் முதலாளி என்று யாரையும் நாங்கள் கேட்கவில்லை. தட்டு கையில் இருந்தது, போட்டுப் பார்த்தோம்.

5

தட்டு செத்ததற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. முதலில் சேட்டிலைட் டிவியும் பென் டிரைவும் அதைத் தேய்த்தன. இயக்குநர் சேரன் 2015 மார்ச்சில் ஒரு கடைசி முயற்சி செய்து பார்த்தார். சி2எச் என்று ஆரம்பித்து, தன்னுடைய 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை நேராக டிவிடியில் 50 ரூபாய்க்கு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஏற்பாடு செய்தார். தியேட்டர் கிடைக்காத சின்னப் படங்களுக்கு அது வழியாக இருக்கும் என்று நம்பினார். திட்டம் நிலைக்கவில்லை. அடுத்த வருஷம் ஜனவரியில் நெட்பிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் ஜியோ டேட்டாவைக் கொட்டியது. டிசம்பரில் அமேசான் பிரைம் வந்தது. 28 ரூபாய்க்குப் படம் விற்ற மோசர் பேரைக் கலைத்து விற்கச் சொல்லி 2018இல் கம்பெனித் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. தபாலில் டிவிடி அனுப்பித் தொழிலைத் தொடங்கிய நெட்பிளிக்ஸே 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் அந்தச் சேவையை மூடியது. நாமே படம் பதியும் புளூரே தட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் சோனி நிறுத்தியது.

நம் பக்கத்தில் இதோடு வேறொன்றும் நடந்தது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பொங்கியபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் டிவி, பிளேயர், பீரோவுக்கு மேலே அட்டைப் பெட்டியில் இருந்த தட்டுகள் எல்லாம் போயின. கல்யாண சிடி, காதுகுத்து சிடி, செத்துப்போன அப்பாவின் முகம் இருந்த ஒரே சிடி. பிறகு ஆற்றோரத்தை அழகுபடுத்துகிறோம் என்று பல குடும்பங்களை லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள். 2000இலிருந்து கண்ணகி நகருக்கும் பிறகு செம்மஞ்சேரிக்கும் அனுப்பிய அதே வேலைதான். தி.நகர் பாண்டி பஜாரில் பிளாட்பாரக் கடைகளை 2013இல் ஒரு கட்டடத்துக்குள் மாற்றினார்கள். 2019 நவம்பரில் அந்தச் சாலை நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டது. தட்டு விற்ற பிளாட்பாரமும் போனது, தட்டு வாங்கிய தெருவும் போனது. வெறும் தொழில்நுட்பம் மாறியது என்று இதைச் சொல்லிவிட முடியாது.

இப்போது ஆளுக்கொரு போன். மாசா மாசம் பணம் கட்டினால் படம், கட்டாவிட்டால் இல்லை. கட்டினாலும் அந்தப் படம் நமக்குச் சொந்தமாவதில்லை. எரவல் கொடுக்க முடியாது, விற்க முடியாது, தெருவில் எல்லோரும் பார்க்கப் போட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகிறது. போன டெக்கு காலத்து லைப்ரரிக்காரன் நம் தெருப் பேரைக் கேட்டான், இப்போது கார்டு நம்பரைக் கேட்கிறார்கள்.

2021 நவம்பர் 2ஆம் தேதி 'ஜெய் பீம்' நேராக அமேசான் பிரைமில் வந்தது. பழங்குடிகள் மீது நடந்த லாக்கப் கொலையைப் பேசிய அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்க்க வழி இருக்கவில்லை. நாளைக்கு அந்தக் கம்பெனி அதை எடுத்துவிட்டால் என்ன செய்வோம்? எடுக்க மாட்டார்கள் என்று நம்புவதற்கு இடம் இல்லை. அக்கிரகாரத்துப் பெண் கறி சமைக்கிற கதையான 'அன்னபூரணி', வெளியே இந்துத்துவக் கும்பல் சத்தம் போட்டதும் 2024 ஜனவரியில் நெட்பிளிக்ஸிலிருந்து காணாமல் போனது. தணிக்கைச் சான்றிதழ் வாங்கி, தியேட்டரில் ஓடி முடிந்த படம் அது. ஒரு தலித் பெண்ணின் கொலையைப் போலீஸ் எப்படி விசாரிக்கிறது என்று காட்டிய 'சந்தோஷ்' படத்துக்குத் தணிக்கை வாரியம் 2025இல் அனுமதி தரவில்லை. அதே வருஷம் அக்டோபரில் இணையத்தில் வரும் என்றார்கள், அதுவும் நின்றுபோனது. தட்டுக் காலத்தில் ஒரு படத்தைத் தடை செய்ய வேண்டுமென்றால் ஊர் ஊராகப் போய்ப் பறிமுதல் செய்ய வேண்டும். இப்போது எங்கோ ஒரு அறையில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும்.

இணையம் நமக்கு ஒன்றுமே தரவில்லை என்று சொல்லவில்லை. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' 2017இல் வந்தபோது பல இடங்களில் திரையிடப் போலீஸ் விடவில்லை. யூடியூபில் போட்டார், லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். அந்த ஜூலையில் அவரைப் பழைய வழக்கு ஒன்றில் கைது செய்தார்கள், படம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் யூடியூபும் இன்னொருவர் வீட்டுத் திண்ணைதான். எத்தனை நாள் உட்கார விடுவார் என்பது அவர் இஷ்டம்.

6

மயிலாப்பூர் சபாக்களில் அறுபது வருஷத்துக்கு முன்னால் பாடியதைக்கூட ரசிகர்கள் டேப்பில் பிடித்து, டேப்பிலிருந்து தட்டுக்கும் தட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கும் மாற்றிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இடம் இருக்கிறது, வசதி இருக்கிறது. அதைவிட முக்கியமாக, தங்கள் பாட்டு வரலாறு என்ற நம்பிக்கை இருக்கிறது. நம் கானாக்கள், மாநாட்டுப் பேச்சுகள், உண்மை அறியும் குழுவிடம் பெண்கள் அழுதுகொண்டே சொன்ன வாக்குமூலங்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன? பரண் மேல், ரப்பர் பேண்டு போட்ட உறைகளில், ஸ்கெட்ச் பேனாவில் தேதி எழுதின தட்டுகளில். வீட்டில் ரைட் பண்ணின தட்டில் படம் இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் ஈரமும் பட்டால் அது வெளுக்கும், வெளுத்தால் எந்தப் பிளேயரும் அதைப் படிக்காது. புது லேப்டாப்பில் தட்டுப் போடும் இடமே இல்லை. இன்னும் கொஞ்ச வருஷம் போனால் தட்டு நன்றாக இருந்தாலும் போட்டுப் பார்க்கக் கருவி இருக்காது.

1954ஆம் வருஷத்து நூல் ஒப்படைப்புச் சட்டப்படி அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். படத்துக்கும் தட்டுக்கும் அப்படி ஒரு சட்டம் இல்லை. கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, வெள்ளத்தில் தட்டுகளைப் பறிகொடுத்த குடியிருப்புகளுக்குப் பக்கத்திலேயே. அங்கே தலித் ஆவணப்படங்களுக்கு ஒரு பகுதியும், பழைய கேசட்டையும் தட்டையும் போட்டு நகலெடுக்கும் ஒரு அறையும் கேட்பது நம் உரிமை. சேர்ந்து கேட்போம். அதற்குள் நாமே செய்ய வேண்டியதும் இருக்கிறது. ரிச்சி தெருவில் தட்டுப் படிக்கும் டிரைவ் இன்னும் கிடைக்கிறது. அமைப்புகள் ஆளுக்கொன்று வாங்கி வைக்கலாம். தெருத் தெருவாகப் போய்ப் பரண்களில் என்ன இருக்கிறது என்று கேட்டு, இரண்டு இடத்தில் நகலெடுத்து, யார், எங்கே, எந்த வருஷம் என்று எழுதி வைக்கலாம். அந்த வேலைக்குத் தெரிந்த ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் நகலெடுத்ததற்காக அவர்களைத்தான் ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.